துர்காதேவியின் புது ஷூ

இலவசப் பையை வாங்கப் பிள்ளை வராமல் அப்பா வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். வராமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடம் திறக்கிற அன்று பை, புத்தகம், ஷூ தருகிறோம் என்றால் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு ஓடிவரும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைகூட அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். அப்படிப்பட்ட நாளில், வெளுத்த வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக மாணிக்கவாசகம் தனியாக வந்து நின்றபோதே என் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

என் பெயர் பிரவீனா. சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சிறப்புப் பயிற்றுநர். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லித்தருவதும், பாதியில் நின்ற பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவருவதும் என் வேலை. சொந்த ஊர் முசரவாக்கம். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் குனிந்து நிமிர்ந்தவர்கள் நாங்கள். என் அப்பா கிறிஸ்டோபர் ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் பெயின்ட் அடித்து என்னைப் படிக்க வைத்தார். அதனால் ஒரு பெண் பிள்ளையின் படிப்பை யாரோ நிறுத்துகிறார்கள் என்று காதில் விழுந்தாலே எனக்கு ரத்தம் கொதித்துவிடும். அப்புறம் என் வாய் என் பேச்சையே கேட்காது.

அதுவும் அந்தச் சமயம் நான் கூடுதல் சூட்டில் இருந்தேன். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம்தான் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்த அதிகாரியம்மா புட்டுப் புட்டு வைத்தார். "பிள்ளையை வேலைக்கு அனுப்புறவங்க உங்க கண்ணப் பாத்துப் பேச மாட்டாங்க. உடம்பு சரியில்லம்பாங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்குதும்பாங்க. வாசலை மறைச்சுக்கிட்டு நிப்பாங்க." ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டேன்.

அந்தப் பயிற்சி முடிந்த கையோடு, எங்களுக்கு உதவி செய்கிற தொண்டு நிறுவனத்துக்காரர்கள் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனரும் அடித்துக் கொடுத்தார்கள். மேலே பெரிய எழுத்தில் பயிற்சியின் பெயர், கீழே போன வருஷம் என்னிடம் படித்த பிள்ளைகளின் போட்டோ, நடுவில் பச்சைப் புடவையில் நான். எனக்கு ஒரே பெருமை. பி.டி. சார் சபாபதியைத் தொல்லை பண்ணி, பள்ளி திறக்கும் முன்பே, தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி பள்ளி வாசலிலேயே உயரமாகக் கட்ட வைத்தேன்.

சரி, மாணிக்கவாசகத்துக்கு வருகிறேன். பட்டுத்தறி நெய்கிறவர். அவருடைய ஒரே மகள் துர்காதேவி ஒன்பதாம் வகுப்புக்கு வர வேண்டியவள். என்னிடம் ஒரு வருஷம் படித்தவள்.

"துர்கா எங்கண்ணா?" என்றேன்.

"மஞ்சக்காமாலை டீச்சரம்மா. திருப்பருத்திக்குன்றத்துல அத்தை வீட்ல இருக்குது. அங்க ஒருத்தர் பச்சிலை குடுக்குறாரு." சொன்னவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த ஷூ டப்பாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நோய் ஆயிற்று, சொந்தக்காரர் வீடும் ஆயிற்று, கண்ணைப் பார்க்காததும் ஆயிற்று. எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது.

"ஷூ ஒரு சைஸ் பெருசா குடுங்கம்மா. வளர்ற பொண்ணு," என்றார். மஞ்சள் காமாலையில் படுத்திருக்கிற பிள்ளைக்கு ஷூ அளவு பற்றி என்ன அவ்வளவு கவலை? எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் பேனருக்குக் கீழே நின்றார். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். துர்கா முதல் வரிசையில்தான் இருந்தாள், முகம் பளிச்சென்று விழுந்திருந்தது.

"இது எத்தினி நாளைக்கும்மா இங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"வருஷம் பூரா இருக்கும்ணா. நல்ல ஃப்ளெக்ஸ். மழைக்கும் சாயம் போகாது," என்றேன் பெருமையாக. அவர் தலையாட்டிவிட்டு, பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்.

சபாபதியிடம் போய்ச் சொன்னேன். "பி.டி. சார், எனக்கு அந்த ஆளு மேல டவுட்டா இருக்குது. பொண்ணத் தறியில போட்டுட்டாரு, பாருங்க."

சபாபதியும் நெசவு வீட்டுப் பிள்ளைதான். சிரித்தார். "உனக்கு யாரு மேலதாம்மா டவுட்டு இல்ல? போன வருஷம் சத்துணவு முட்டைய எண்ணிக்கினு இருந்த. நீ தப்பித் தவறி டீச்சர் வேலைக்கு வந்துட்ட, ஸ்டேஷன்ல இருக்க வேண்டிய ஆளு."

"கிண்டல் பண்ணாதீங்க சார். கரை தனியா கோக்கிற கோர்வைப் பட்டுக்கு ரெண்டு பேர் வேணுமாமே?"

"ஆமா. நெய்யறவரு நடுவுல குந்துவாரு. பக்கத்துல ஒரு ஆளு கரை நூல் சுத்தின நாடாக்கட்டைய எறியணும். அவரு சம்சாரம் கமலவேணி எறியும். இல்லன்னா கூலிக்கு ஆள் வெச்சுக்குவாரு. பொண்ணு எதுக்கு?" சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தன் சாதி சனத்தை விட்டுக்கொடுப்பாரா? அவர் மேலும் எனக்கு ஒரு கண் விழுந்தது.

இரண்டாவது வாரமும் அவள் வரவில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பி அவர்கள் தெருவுக்குப் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். மாணிக்கவாசகம் வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று குரல் கொடுத்ததும் அவர் வெளியே வந்தார். பின்னாலேயே கமலவேணியும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவு நிலையில் கையை ஊன்றி, வாசலை மறைத்தாற்போல நின்றார்.

"உள்ள தறி ஓடுதே, யாருக்கா?" என்றேன்.

"அது... கூலிக்கு ஆள் வருதுமா. ரெண்டு பேரு," என்றார் கமலவேணி.

"துர்கா எப்படி இருக்கா?" வேண்டுமென்றே அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

சொன்னதுதான் தாமதம், உள்ளே தறி நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தேவலாம்மா, தேவலாம். இன்னும் அத்தை வீட்லதான் இருக்குது," என்றார் மாணிக்கவாசகம் அவசர அவசரமாக.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். படிக்குப் பக்கத்தில், செருப்புகளோடு செருப்பாக, நாங்கள் கொடுத்த கறுப்பு ஷூ. புத்தம் புதுசு என்றால் டப்பாவில் இருக்க வேண்டும். இதன் முனையெல்லாம் தெருப் புழுதி. பிள்ளை அத்தை வீட்டில் படுத்திருக்கிறது, ஷூ மட்டும் இங்கே எங்கே நடந்துபோய் வந்ததாம்? அடப் பாவிகளா, அரசாங்கம் கொடுத்ததை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, பெற்ற பெண்ணைத் தறிக்குழியில் உட்கார வைத்துவிட்டு, வாயைத் திறந்தால் பொய் சொல்கிறார்களே! மோர் கொண்டுவருகிறேன் என்று கமலவேணி சொன்னதைக் காதிலேயே வாங்காமல் திரும்பி நடந்தேன்.

நேராகத் தலைமையாசிரியை நீலாம்பாள் அறைக்குத்தான் போனேன். "மிஸ், குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போடலாம். இன்னைக்கே," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிரவீனா, போன் போட்டா அதிகாரிங்க ஜீப்ல வந்து அந்தத் தெருவுல எறங்குவாங்க. நிஜமா இருந்தா வரட்டும், நானே கூட நிக்கிறேன். இல்லன்னா அந்தப் பொண்ணு அப்புறம் அந்தத் தெருவுல எப்படி நடக்கும்? அதுக்கப்புறம் நம்ம ஸ்கூல் பக்கம் தலை வெச்சுப் படுக்குமா?"

"இந்த மாசம் தாண்டிட்டா இடைநின்ற பிள்ளைன்னு எழுதணும் மிஸ். அப்புறம் புடிச்சுக் கொண்டாறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும்."

"கண்ணால பாக்கலாம். முன்னாடி சொல்லாம காலைல ரெண்டு பேரும் போவோம். பொண்ணு தறியில இருந்தா அங்கேயே நின்னு நீயே போன் போடு."

எனக்கு அது போதும். யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்து வந்த புதன்கிழமை, காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நீலாம்பாள் மிஸ்ஸை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை வந்ததும் வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டே போனேன், சத்தம் கேட்டு உஷாராகிவிடக் கூடாதல்லவா?

தெருவில் சத்தமே இல்லை. ஒரு தறிகூட ஓடவில்லை. அந்த வீடு மட்டும் இல்லை, ஒரு வீட்டிலும் இல்லை. அத்தனை வீட்டு வாசலும் கழுவி, கோலம் போட்டு, அமைதியாகக் கிடந்தது.

"பாத்தீங்களா மிஸ்? சேதி போயிடுச்சு!" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "தெருவே சேந்துக்கினு ஒளிச்சு வைக்குது. எல்லாம் நம்ம பி.டி. சார் வேலை. நாம கிளம்பறத ஜாடையா பாத்துக்கினு இருந்தாரு."

எதிர்வீட்டு மணியம்மாள் வாசலில் நின்று காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது காதில் விழுந்துவிட்டது போல. "இன்னாம்மா ஒளிக்கிறாங்க? இன்னைக்கு அமாவாசை. தறி மேல யாரும் கை வைக்க மாட்டோம். இத்தினி வருசமா இந்த ஊர்ல வாத்தியார் வேலை பாக்குற, இது தெரியாதா உனக்கு?"

நீலாம்பாள் மிஸ் என்னைப் பார்த்தார். நான் ஸ்கூட்டியின் ஸ்டாண்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் கணக்கு, அமாவாசையை யார் கண்டது? மானம் போனாலும் வந்த வேலை வந்த வேலைதான் என்று கதவைத் தட்டினேன்.

கமலவேணி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு வந்தார். எங்கள் இருவரையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நான் எதிர்பார்த்தது அதை அல்ல.

"வாங்கம்மா, வாங்க. வந்துடுச்சா? கிளாஸ்ல குந்திக்கிச்சா?"

"யாரு?"

"துர்காதான். காலைல யூனிபார்ம் மாட்டி, பை தூக்கிக்கினு ஸ்கூலுக்குப் போச்சே."

"அக்கா, போதும்!" என் குரல் உயர்ந்துவிட்டது. "இன்னும் எத்தனை பொய் சொல்லுவீங்க? நாங்க ஸ்கூல்ல இருந்துதான் வர்றோம். துர்கா வரல. வந்ததே இல்ல."

கமலவேணியின் முகம் வெளுத்துப்போயிற்று. அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் எங்கோ வழுக்கியது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரின் முகம் இல்லை அது.

"வரலையா? ஐயோ, அப்ப எங்கம்மா போச்சு? அவரும் அம்மாவாசைன்னு கோயிலுக்குப் போயிட்டாரே!" என்று அழ ஆரம்பித்தார். நீலாம்பாள் மிஸ் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அழுகைக்கு நடுவே ஒவ்வொன்றாக வந்தது. மஞ்சள் காமாலை இல்லை. அத்தை வீடும் இல்லை.

"நாங்க தறியில குந்த வைக்கலம்மா, சாமி சத்தியமா. அதுவா வந்து குந்திக்கினு எழுந்திருக்க மாட்டேங்குது. அவரு எழுந்து போனாலும் ஒத்தையா நாடா எறிஞ்சிக்கினு கிடக்குது. கூலி ஆள வரவேணாம்னு அதுவே சொல்லி அனுப்பிடுச்சு. அவங்கப்பா திட்டினாரு, கெஞ்சினாரு, சோறு துன்னாம கிடந்தாரு. காலைல தினம் கிளம்பும், ஷூ மாட்டிக்கினு போவும், போன கையோட திரும்பி வந்து குழியில எறங்கிடும். இன்னான்னு கேட்டா அப்பாவுக்கு ஆள் இல்லைன்னும். இன்னைக்குத் தறி இல்ல, சாக்கு சொல்ல வழியில்ல. அதான் புடிச்சுத் தள்ளி அனுப்பினேன்."

"அப்புறம் எதுக்குக்கா காமாலைன்னு சொன்னீங்க?"

கமலவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணுக்குப் படிப்பு ஏறலன்னு பத்து பேரு முன்னாடி எப்படிம்மா சொல்றது? காமாலைன்னா நாலு பேரு அய்யோ பாவம்பாங்க."

தினம் ஷூ மாட்டிக்கொண்டு போகிறாள், திரும்பி வருகிறாள். அப்படியென்றால் அந்தப் புழுதி அவளுடையது. யாருக்கும் கொடுக்கவில்லை. அவள்தான் அந்த ஷூவில் தினமும் பள்ளிக்கூடம்வரை நடந்திருக்கிறாள்.

மிஸ்ஸைக் கமலவேணியோடு விட்டுவிட்டு ஸ்கூட்டியை முறுக்கினேன். கோயில் குளம் வந்ததும் வண்டியை நிறுத்திப் படித்துறையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனேன். ஒரு பிள்ளை பள்ளிக்கூடம்வரை வந்து திரும்புகிறது என்றால் வாசலில் ஏதோ இருக்கிறது. யாரோ பையன் வம்பு பண்ணுகிறானா? வாசலில் நிற்கிற ஐஸ் வண்டிக்காரனா? எவனாக இருந்தாலும் தோலை உரிக்கிறேன் என்று கறுவிக்கொண்டே போனேன்.

பள்ளிக்கு எதிர்ச்சாரியில் ஒரு தையல்கடை. அன்று பூட்டியிருந்தது. அதன் படியில், புதுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சைஸ் பெரிய ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு துர்கா உட்கார்ந்திருந்தாள். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் இரண்டு அறை விடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாருடி? யாரு உன்ன இன்னா பண்றாங்க? பேரச் சொல்லு, நான் பாத்துக்கிறேன்."

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"உன் செட்டுப் பொண்ணுங்களா? சாரு யாராவது திட்டினாங்களா?"

அதற்கும் இல்லை. கொஞ்ச நேரம் ஷூவின் நாடாவை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு நிமிர்ந்து, எதிரே பள்ளி வாசலில் நான் கட்டிவைத்திருந்த பேனரைப் பார்த்து, விரலைக் காற்றில் ஓட்டி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள்.

"மெல்... லக்... மெல்லக்... கற்... கும்... மா... ணவர்... களுக்... கான... சி... றப்புப்... பயிற்சி."

அந்த எழுத்துக்குக் கீழே அவள் முகம், முதல் வரிசையில், ஒரு பானை அளவுக்கு இருந்தது. பள்ளிக்கு வருகிறவர்கள், பால்காரர், கோயிலுக்குப் போகிறவர்கள், நூல் கடைக்காரர்கள், எல்லாரும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள்.

"இது மட்டும் தப்பில்லாம படிப்பேன் மிஸ்," என்றாள். "தினம் இங்க குந்திக்கினு படிக்கிறேன்ல."

கடவுளே! அவளுக்கு ஒரு வருஷம் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தது நான். அதைக் கட்டியதும் நான்தான். இத்தனை நாளும் அவள் அப்பாவை, அம்மாவை, சபாபதியை, அந்தத் தெருவையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேனே. எத்தனை நாளைக்கு இருக்கும் என்று அந்த மனிதர் கேட்டாரே, சாயம் போகாது என்று பெருமையாக வேறு சொன்னேனே. தெருவே பார்க்க அந்தப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், வெட்கமே இல்லாமல். துர்கா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். சபாபதி மைதானத்தில் இருந்தார். "சார், ஏணி கொண்டாங்க. பிளேடும்," என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏணியை எடுத்துவந்தார். நானே ஏறி அறுத்தேன். என் பச்சைப் புடவையும் பிள்ளைகள் முகமும் மடங்கிக் கீழே விழுந்தன.

அதற்குள் நீலாம்பாள் மிஸ் கமலவேணியோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். கமலவேணி எதிர்ப்பக்கம் ஓடி மகளைக் கட்டிக்கொண்டார். கீழே கிடந்த பேனரைப் பார்த்துவிட்டு மிஸ், "நிறுவனத்துக்காரங்க வந்து கேட்டா இன்னா சொல்றது பிரவீனா?" என்றார்.

"மஞ்சக்காமாலைன்னு சொல்லுங்க மிஸ்."

சபாபதிதான் முதலில் சிரித்தார். துர்கா சிரிக்கவில்லை. அன்றைக்கு உள்ளே வரவும் இல்லை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வற்புறுத்தவில்லை. வராந்தாவில் எல்லார் கண்ணும் படுகிற இடத்தில் நடந்துகொண்டிருந்த என் வகுப்பை, நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற, கதவு சாத்தக்கூடிய அறைக்கு மாற்றினேன்.

மறுநாள் அமாவாசை முடிந்துவிட்டது. காலையில் ஸ்கூட்டியில் வரும்போதே அந்தத் தெருப்பக்கம் தறிச் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வழக்கமான சந்தேகம் இல்லை, என் மேலேயே வந்த சந்தேகம். அவள் குழிக்குள் இறங்கியிருந்தால் இனி எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவேன்? பிரார்த்தனை மணி அடித்த பிறகும் வாசலிலேயே நின்றேன். உள்ளே வரச் சொல்லி சபாபதி விசில் அடித்தார், நான் அசையவில்லை.

மாணிக்கவாசகம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் துர்கா, தோளில் பை. வாசலுக்கு வந்ததும் இருவரும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இரும்புக் கம்பியில் அறுந்த கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மாணிக்கவாசகம் என்னைப் பார்த்தார், இந்த முறை நேராகக் கண்ணைப் பார்த்தார். "தறியில கூலி ஆளு வந்துக்கினு இருக்குதும்மா. நான் கிளம்பறேன்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

துர்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். இன்னும் அந்தக் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத எடுத்துட்டீங்களே மிஸ்," என்றாள். "இப்போ நான் எத படிக்கிறது?"

நான் அவள் பையை வாங்கித் திறந்தேன். அப்பா மார்போடு அணைத்துக்கொண்டு போன புத்தகங்கள் ஒன்றுகூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தன. மேலாக இருந்த தமிழ்ப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இரண்டு பேரும் உள்ளே போனோம்.